மூன்று கேன் கனம்

மாடி வீட்டு அக்கா இறந்த செய்தி போனில் வந்தபோது நான் கிரைண்டரிலிருந்து மாவு அள்ளிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் மாவு. "சரிங்க" என்றேன். மீதி மாவையும் வழித்து, குழவியைக் கழுவி, கல்லைக் கழுவி, மூடியைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மாவுக்கு உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்தது. எழுந்து போய் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தேன். போட்டிருந்தேன்.

சிட்லபாக்கத்தில் ஏரியை ஒட்டிய தெருவில் நாங்கள் முதல் மாடி, அக்கா இரண்டாம் மாடி. அதற்கு மேலே மொட்டை மாடி. ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வெள்ளைப் புடவை கட்டுவார். மற்ற நாட்களில் பேன்ட்டும் தொளதொளவென்று ஒரு சட்டையும். மாதம் ஒருமுறையாவது முதுகில் பையை மாட்டிக்கொண்டு தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடந்தே போவார். ஏலகிரி, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை. தனியாகப் போய்த் தனியாக வருவார். எங்கள் தெருவில் அந்த வயதுப் பெண்கள் முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் குடிவந்த முதல் பொங்கலுக்கு ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் எடுத்துக்கொண்டு மேலே போனேன். அந்தத் தூக்கு என் கல்யாணச் சீரில் வந்தது. மூடியில் என் பெயர் வெட்டியிருக்கும். அக்கா வாங்கிக்கொண்டு, "ஒரு நிமிஷம் நில்லுங்க" என்றார். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. பொங்கலைத் தன் கிண்ணத்துக்கு மாற்றி, தூக்கைத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டார். உள்ளே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை.

எங்கள் பக்கத்தில் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சர்க்கரை போடுவோம், இரண்டு வாழைப்பழம் வைப்போம், வீட்டில் ஒன்றுமே இல்லையென்றால் நாலு இணுக்குக் கறிவேப்பிலையாவது. எனக்கு முகம் சுருங்கியிருக்க வேண்டும். அக்கா பார்த்துவிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நான் சர்க்கரை போட்டுக் குடுத்தா, நீங்க மறுபடி எதையாவது போட்டுக் கொண்டு வருவீங்க. அப்புறம் நான். இதுக்கு முடிவே இல்ல."

"முடிவு எதுக்குக்கா?" என்றேன்.

அவர் சிரித்தார். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டிலிருந்து கேக் வந்தது, காகிதத் தட்டில். திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லாதபடி பார்த்துக்கொண்டார். அதன்பிறகு நான் அவரோடு சண்டை போடுவதை விட்டுவிட்டேன். சிலரிடம் அப்படித்தான், கொடுத்த கையோடு பாத்திரத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் தயாராக நிற்க வேண்டும்.

எங்களுக்குக் குடிக்கக் கேன் தண்ணீர்தான். கேன் போடுகிற அண்ணன் டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து, தோளில் ஒவ்வொன்றாக ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போவார். அக்காவின் கேனை மட்டும் கீழே கேட்டருகே வைத்துவிட வேண்டும். அவரே இரண்டு மாடி தூக்கிக்கொண்டு போவார், படிக்குப் படி இறக்கி வைத்து. கேன் அண்ணனுக்கு இது பெரிய அவமானம்.

"இன்னாக்கா நீ! நாங்கெல்லாம் இன்னாத்துக்கு கீறோம்? தூக்குறதுதான் நம்ம பொழப்பே. பாக்குறவங்க இன்னா நெனப்பாங்க, லேடீஸைத் தூக்க வுட்டுட்டு நிக்கிறான் பாருன்னு."

"உங்களுக்கு முட்டி வலி இருக்குல்ல?"

"யார் சொன்னது?"

"நீங்க படி ஏறும்போது மூச்சு விடறது மேல வரைக்கும் கேக்குது. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க."

கேன் அண்ணன் என்னைப் பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போவார்.

கனம்தான் அக்காவின் பேச்சு, கனம்தான் மூச்சு. சமையலறையில் பருப்பு நிறுக்க வைத்திருந்த டிஜிட்டல் தராசில் பருப்பைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தார். மலைக்குக் கொண்டுபோகும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டார். சீப்பும் பாதி. சோப்பில் ஒரு கீற்று. சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் துணிச் சீட்டைக்கூடப் பிரித்து எடுத்திருந்தார்.

"பைபிள் மட்டும் முழுசா எடுத்துட்டுப் போவீங்களாக்கா?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"அதுல இருக்கற சங்கீதம் மட்டும் தனியா சின்னப் புத்தகமா இருக்கு. அது போதும். மீதி எனக்குத் தெரியும்" என்றார்.

இன்னொன்றும் சொல்வார், அடிக்கடி. "எல்லாரும் சாமானைக் குறைக்கணும்னு பாப்பாங்க. அது தப்பு. எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு வெறும் பையைத் தூக்கிப் பாருங்க. பைதான் கனம்." நான் அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் தோல்பையை அப்படித் தூக்கிப் பார்த்தேன். உண்மைதான். ஆனாலும் அதையேதான் தூக்கிக்கொண்டு போனேன்.

கூடாரத்தை அவர் விட்டு ரொம்ப நாளாயிற்று. இரண்டு மரத்துக்கு நடுவே துணியைக் கட்டித் தொங்கவிட்டு அதில் படுத்துவிடுவார். ஹேமக் என்பார். கடையில் வாங்கியது ஒரு சின்னப் பூசணிக்காய் கனம் இருந்தது. அவருக்கு அது பொறுக்கவில்லை. தானே தைத்துக்கொள்வதென்று முடிவு செய்தார். தைக்க மெஷின் வேண்டும். என் வீட்டில் ஒன்று சும்மா கிடப்பது துணி காயப்போடும்போது பேச்சுவாக்கில் தெரிந்துபோய், வாசலில் வந்து நின்றார்.

"சனிக்கிழமை சனிக்கிழமை உங்க மெஷினைத் தருவீங்களா? பதிலுக்கு உங்க புடவைக்கெல்லாம் ஃபால் அடிச்சுத் தரேன்."

"ஃபால் எல்லாம் எதுக்குக்கா, சும்மா வந்து தைங்க."

"அப்ப வேணாம்" என்று திரும்பிப் படியேறிவிட்டார். நான் பின்னாலேயே ஓடி, சரி, அடியுங்கள், எல்லாப் புடவைக்கும் அடியுங்கள் என்று கூப்பிட்டு வந்தேன். வேலை செய்து கொடுக்கச் சொல்லி ஒருவரிடம் இப்படிக் கெஞ்சியது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

துணியைப் பாரிமுனையில் குடைத் துணிக்கடைகளில் தேடி வாங்கியிருந்தார். பாராசூட் துணி என்போமே, அது. கையில் எடுத்தால் வெங்காயச் சருகுதான். வெளிச்சத்தில் பிடித்தால் பொடிப் பொடியாகக் கட்டம் தெரியும். "கிழிஞ்சாலும் அந்தக் கட்டத்தோட நின்னுடும், மேல ஓடாது" என்று காட்டினார். குண்டூசி குத்த விடமாட்டார், ஓட்டை விழுமாம். கொடியில் துணிக்கு மாட்டும் கிளிப்பை வரிசையாகப் போட்டு மடிப்பைப் பிடித்து வைத்துத் தைத்தார். துணி வழுக்கும். நான் எதிரில் நின்று அந்தப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்வேன்.

செய்முறையில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆளைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் நீளமாகத் துணி. நீள ஓரங்களை மடித்துத் தையல். இரண்டு நுனியிலும் பாவாடைக்கு நாடா கோப்பதற்கு விடுவதுபோல ஒரு மடிப்பு. அதில் கயிற்றைக் கோத்துச் சுருக்கினால் முடிந்தது.

"இது தூளிதானேக்கா?" என்றேன்.

"தூளியை யாராவது ஆட்டணும். இதை யாரும் ஆட்ட வேணாம்" என்றார்.

அந்தச் சனிக்கிழமைகளில் ஒன்றில், கோணலாகப் போன தையலைப் பிரித்துக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். அம்மா பல வருஷம் படுத்த படுக்கை. தம்பி வேலைக்கு வெளியூர். இவர்தான் தூக்குவது, திருப்புவது, குளிப்பாட்டுவது, எல்லாம்.

"கடைசியில ஒண்ணுமே இல்ல அவங்க. எலும்பும் தோலும்தான். ஆனா எனக்குத் தூக்க முடியல."

"உங்களுக்கும் வயசாச்சுல்லக்கா."

"அது இல்ல. நான் கையைக் குடுத்துத் தூக்கினாப் போதும், 'சாரிம்மா, சாரிம்மா'ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. மூத்திரத் துணி மாத்தினா சாரி. தலை வாரினா சாரி. அந்தச் சாரிதான் கனம். அதைத் தூக்கித்தான் என் இடுப்பு போச்சு."

பிரித்த நூலை உருட்டி ஜன்னல் வழியே எறிந்தார். "நான் யாருக்கும் பாரமா இருக்கக் கூடாது. அவ்வளவுதான். எனக்கு வேற ஆசை ஒண்ணும் கிடையாது." அம்மாக்கள் எல்லோரும் சொல்கிற வாக்கியம்தான். என் மாமியார் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார், சொல்லிவிட்டுக் காபி கேட்பார். அக்கா சொன்னபோது எனக்கு என்னவோ பயமாக இருந்தது.

முதலில் தைத்ததை மொட்டை மாடியில், தண்ணீர் டேங்க் தூணுக்கும் படிக்கட்டு ரூம் சுவரிலிருந்த கொக்கிக்கும் நடுவே கட்டினார். கொடிக்கயிறு மாதிரி விறைப்பாக இழுத்துக் கட்டுவார் என்று பார்த்தால், தொங்கவிட்டார். "இழுத்துக் கட்டுங்கக்கா, தரையைத் தொட்டுடும்" என்றேன்.

"இழுத்துக் கட்டினா கனம் கூடிப்போகும். அதே ஆள்தான், கயித்துக்கு ரெண்டு ஆள் கனமாத் தெரியும். தொங்கவிட்டாத்தான் தாங்கும்."

அவர் ஏறிப் படுக்கவில்லை. சும்மா ஒன்றை நம்புகிற ஆளா அவர்? தண்ணீர் கேன்களைத் தானே சுமந்து வந்து, ஒவ்வொன்றாக அதில் படுக்க வைத்தார். "என் கனம் மூணு கேன்" என்றார். இரண்டு கேன் வரை தாங்கியது. மூன்றாவதை வைத்ததும் நுனித் தையல் பிரிந்து, கேன்கள் தரையில் விழுந்து உடைந்து மாடியெல்லாம் தண்ணீர். பக்கத்து வீட்டிலிருந்து ஓனரம்மா ஓடிவந்தார். இந்தத் தெருவே வயலாக இருந்த காலத்து மனிதர்கள் அவர்கள். நாங்கள் குடியிருக்கும் வீடு அவர்களுடைய பழைய களத்து மேட்டில் கட்டியது.

"இன்னாம்மா டேங்க் ஒட்ச்சிகிச்சா?" என்று வந்தவர் தொங்கும் துணியைப் பார்த்தார். "இது இன்னா, தூளி கட்டிகினு கீறீங்க?"

"ஹேமக்" என்றார் அக்கா.

"ஏமாக்கா?" என்று என்னைக் கேட்டார் ஓனரம்மா. பிறகு காற்றில் அது ஆடுவதைக் கவனித்துச் சட்டென்று கையால் பிடித்து நிறுத்தினார். "வெறும் தூளி ஆடக் கூடாது. கொயந்தைக்கு வவுத்து வலி வரும்."

"இந்த வீட்டுல யாருக்கும் கொழந்தை இல்லையேம்மா" என்றார் அக்கா. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் இல்லை. ஓனரம்மா பிடித்த கையை விடவில்லை. பிறகு, தண்ணீரைத் தள்ளிவிடத் துடைப்பம் கொண்டுவரச் சொன்னார்.

நூலையும் ஊசியையும் மாற்றி, மறுபடி தைத்தார். அது மூன்று கேனையும் தாங்கியது. ஒரு பகல் முழுக்க அப்படியே தொங்கவிட்டு வைத்தார். சாயங்காலம் கேன்களை இறக்கிவிட்டு அவர் படுத்தார். பிறகு என்னைப் படுக்கச் சொன்னார்.

"நேரா படுக்காதீங்க, வாழைப்பழம் மாதிரி வளைஞ்சுடும். தலை இந்தப் பக்கம், கால் அந்தப் பக்கம், கோணலா. ஆங், இப்ப தட்டையா ஆச்சு பாருங்க."

ஆனது. முதுகுக்குக் கீழே ஒன்றுமே இல்லாத மாதிரி இருந்தது. எனக்கு அந்த வருஷம் உடம்பில் ஒரு மரத்துப்போன தன்மை வந்திருந்தது. குழந்தைக்காக டாக்டர்களிடம் போவதை நிறுத்திய வருஷம். எது நடந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போலத்தான் இருக்கும். அங்கே படுத்துத் தூங்கிவிட்டேன். விழித்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கா டேங்க் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னை எழுப்பவும் இல்லை, ஆட்டவும் இல்லை.

அவிழ்த்து மடித்த பிறகு, "உங்க தூக்கைக் குடுங்க" என்றார். கொடுத்தேன். அவ்வளவு பெரிய துணியையும் கயிறுகளையும் உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி அதற்குள் திணித்து மூடியைப் போட்டுவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஆளைத் தாங்குகிற சாமான் சாம்பார் தூக்குக்குள் உட்கார்ந்திருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்க்கவில்லை. உடனே வெளியே எடுத்துக்கொண்டு, தூக்கைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். வெறுமனே.

அதன்பின் இரண்டு மூன்று வருஷம் அந்த ஹேமக்கோடுதான் எல்லா மலைக்கும் போனார்.

பிறகு அந்தக் கார்த்திகை மழை. விடாமல் பெய்து ஏரி தெருவுக்கு வந்துவிட்டது. கீழே இடுப்பளவு தண்ணீர், கரண்ட் இல்லை. காலையில் மொட்டை மாடித் தண்ணீர் வடியும் ஓட்டையை இலை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அக்கா எடுத்துவிடப் போயிருக்கிறார். எங்களில் யாராவது செய்திருக்கலாம். அவர் கேட்டால்தானே? மேல் படிக்கட்டில் சத்தம் கேட்டு நானும் என் கணவரும் ஓடினோம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கிடந்தார். வலது கால் பாதம் வெளிப்பக்கம் பார்த்துத் திரும்பியிருந்தது. முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டு எழுந்து வந்துடறேன்" என்றார்.

ஆம்புலன்ஸ் மெயின் ரோடு வரைதான் வரும் என்றார்கள். அதுவரை தண்ணீரில் போக வேண்டும். நாற்காலியில் உட்கார வைக்க முடியாது, இடுப்பு மடங்கவில்லை. கட்டில் அந்தப் படிக்கட்டில் திரும்பாது. கேன் அண்ணன் அன்றைக்கும் வந்திருந்தார், தலையில் கேனை வைத்து இடுப்பளவு தண்ணீரில் நடந்து. தெருவில் குடிக்கத் தண்ணீர் அவரால்தான். சத்தம் கேட்டுக் கேனைக் கீழே வைத்துவிட்டு மேலே வந்தார்.

அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் கொக்கியில் அது தொங்கும் என்று எனக்குத் தெரியும். எடுத்துவந்தேன்.

"அது வேணாம்" என்றார் அக்கா. "நான் நடந்துடுவேன். கையை மட்டும் குடுங்க."

யாரும் கேட்கவில்லை. ஓனரம்மா மகன் வீடு கட்டும் வேலைக்கு வைத்திருந்த சாரக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்தான். இரண்டு காலுக்கும் நடுவே தலையணை வைத்து என் துப்பட்டாவால் கட்டினோம். அவரைத் துணியில் கிடத்தி, இரண்டு நுனியையும் கம்பில் கட்டினோம். என் கணவர் இழுத்து விறைப்பாகக் கட்டப் போனார். "தொங்கட்டும்" என்றேன் நான். முன்னால் கேன் அண்ணன், பின்னால் என் கணவரும் ஓனரம்மா மகனும். கம்பைத் தோளில் ஏற்றியதும் அக்கா தரையைவிட்டு எழும்பினார்.

அப்போதுதான் ஆரம்பித்தார். "சாரி தம்பி. சாரிப்பா. உங்களுக்கு முட்டி வலி… சாரி."

முதல் திருப்பம் வரை விடாமல் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. மரத்துப்போன மனசில் எங்கிருந்தோ அது ஒன்று மட்டும் வந்தது.

"சாரி சொல்லாதீங்கக்கா" என்றேன். "அதுதான் கனம். நீங்கதானே சொன்னீங்க?"

அவர் என்னைப் பார்த்தார்.

"கனமா இருக்கேனா?" என்று கேன் அண்ணனிடம் கேட்டார், மெதுவாக.

"கம்முனு படுக்கா" என்றார் அவர் திரும்பாமல். படிச்சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். "இன்னா கனம்? மூணு கேன்தான் கீறே. இத்தினி வருசமா இந்த மூணு கேனைத்தான் தூக்க வுடாம பண்ணிகினு இருந்தியா?"

தெருவில் தண்ணீருக்குள் இறங்கியபோது அக்கா கண்களை மூடிக்கொண்டு, "நேரா இருக்கேன். கொஞ்சம் கோணலா ஆக்குங்க" என்றார். ஆக்கினோம். அவர் முகம் சற்றுத் தளர்ந்தது. மழை அவர் மேல் பெய்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் முடிந்து சில நாள் கழித்து, ரோடு வடிந்த பிறகு, ரசம் சாதம் கரைத்துத் தூக்கில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் நர்ஸிடம் கிண்ணம் கேட்பார், நான் கழுவிய தூக்கோடு திரும்புவேன் என்றுதான் நினைத்தேன். கரண்டியால் நாலு வாய் சாப்பிட்டார். மூடியைப் போட்டார். பெயர் வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினார்.

"இது இங்க இருக்கட்டும். அப்புறம் தரேன்" என்றார்.

நான் தலையாட்டினேன். பஸ்ஸில் வரும்போது வெறும் கை மடியில் கிடந்தது. என்னவோ மறந்துவிட்டு வந்த மாதிரியே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி அவரை நாவலூருக்கு அழைத்துப் போய்விட்டார். பெரிய அபார்ட்மென்ட், உயரத்தில் வீடு. போனில் பேசுவோம். "லிஃப்ட்ல போறேன் வரேன், வாக்கர் வெச்சுக்கிட்டு. ஜன்னல்ல பாத்தா எல்லாம் கட்டடம்தான். ரெண்டு மரம் பக்கத்துப் பக்கத்துல இல்ல" என்றார் ஒருமுறை. மலையைப் பற்றி அவ்வளவுதான் பேசினார். தம்பி மனைவி தலை வாரிவிடுவதாகச் சொன்னார். "நீங்க என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்றதில்ல. வாரினா தலையைக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கஷ்டமாத்தான் இருக்கு" என்றார்.

ஒரு சளிக் காய்ச்சல் நெஞ்சுக்கு இறங்கி, அடுத்த மழைக்கு முன்னாலேயே போய்விட்டார். அடக்கத்துக்குக் கேன் அண்ணனும் வந்திருந்தார், வெள்ளைச் சட்டை போட்டு. பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தது அவர்தான். நான் ஓரமாக நின்றேன். எல்லோரும் பாடினார்கள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை.

வீட்டைக் காலி செய்ய அவர் தம்பி வந்தார். காலி செய்ய என்ன இருந்தது? ஒரு ஆட்டோவுக்குக்கூடத் தேறாது. போகும்போது எங்கள் வாசலில் நின்று கதவைத் தட்டினார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள்ளிருந்து என் தூக்கை எடுத்தார்.

"இதுல போட்டிருக்கற பேரு உங்களுதுதானேம்மா? இதை உங்ககிட்ட குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நான்தான் லேட் பண்ணிட்டேன்."

"பரவால்லைங்க" என்று கையை நீட்டினேன்.

"வெறுமனே குடுக்கக் கூடாது, நான் வெச்சிருக்கறதோட குடுன்னாங்க. என்னன்னு நான் திறந்து பாக்கல."

அவர் கேட்டைத் தாண்டிப் போன பிறகு மூடியைத் திறந்தேன். பாராசூட் துணி, அமுக்கி அமுக்கி வைத்தது, விளிம்பு வரை. கொஞ்சம் மேலே பொங்கி வந்தது. திரும்ப அமுக்கி மூடினேன்.

வாசலிலேயே நின்று தூக்கிப் பார்த்தேன். தூக்குதான் கனமாக இருந்தது.